கலெக்டரின் இடது மடி

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. ஷேர் ஆட்டோவில் காதில் விழுந்தது. ஐயம்பேட்டையில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு பெண், போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, ஆட்டோ முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள்: "அமாவாசையும் அதுவுமா தறிய தட்டித்தாம்மா ஆட்டுக்கு பால் கறந்தோம். அப்பால இன்னா ஆச்சின்னா…"

என் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கச் சொன்னார்கள், இறங்கினேன். ஆகவே கண்ணுங்களா, முடிவு எனக்குத் தெரியாது. தெரிந்தவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

2

முதல் வரிக்கே நிறையக் காகிதம் கசங்கிவிட்டது.

'பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் குடும்பம்…' வேண்டாம். ஜவுளிக்கடை போர்டு மாதிரி இருக்கிறது.

'ஆட்டின் மடி இரண்டு பாகங்களைக் கொண்டது. தலையீத்து ஆட்டுக்கு…' இது கால்நடை ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற தாள். [இரண்டு பாகம் என்பது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். அந்த இரண்டில் ஒன்றைப் பற்றித்தான் கதையே.]

'கலெக்டருக்குக் காலையிலிருந்து இடது மடி கல்லாய் இறுகிக் கிடந்தது.' சரி. இதுவே இருக்கட்டும்.

* கலெக்டர் என்பது ஆடு. பெண் ஆடு. தெருவில் போனால் ஒவ்வொரு வாசலாக நிற்கும், உள்ளே எட்டிப் பார்க்கும், எதுவும் திருப்தியில்லை என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு நகரும். பிள்ளையார்பாளையத்தில் யாரோ வைத்த பேர், ஒட்டிக்கொண்டது. நிஜ ஆட்சியர் அலுவலகத்தில் இதைப் படிப்பவர்கள் பெரிய மனசு பண்ண வேண்டும்.

3

ஆட்டுக்குச் சொந்தக்காரி புவனேஸ்வரி. அந்த வீட்டில் தறி கணவருடையது, வீடு மாமனாருடையது, கடன் எல்லாருடையது. கலெக்டர் மட்டும் அவளுடையது. இது முதல் ஈத்து. இரண்டு குட்டிகள். இரண்டும் வலது காம்புக்கே அடித்துக்கொண்டன. சீந்துவாரில்லாத இடது பக்கம் பால் கட்டி, சூடேறி, சிவந்துபோயிருந்தது.

டாக்டரம்மா வந்து ஊசி போட்டுவிட்டுச் சொன்னார்: "மருந்து பாதிதாம்மா, மீதி உங்க கையிலதான் இருக்குது. இன்னிக்கி பூரா அடிக்கடி கறந்து அந்தப் பக்கத்த காலி பண்ணிக்கினே இருக்கணும். பால் உள்ள தங்கிச்சின்னா அந்தப் பக்கம் செத்துடும். அப்புறம் எத்தினி ஈத்து போட்டாலும் அதுல ஒரு சொட்டு வராது."

பால் கட்டியது மட்டும் காரணமில்லை. காம்பில் ஒரு கீறலும் இருந்தது. அந்தக் கீறலை உண்டாக்கியவர்…

[இங்கே நிறுத்துகிறேன். முதல் பிரதியில் கணவர் கலியாணசுந்தரத்தை முரடனாக எழுதியிருந்தேன். கத்தினார், சொம்பைத் தூக்கி எறிந்தார். ஆனால் அடுத்த பக்கத்திலேயே அவர் உட்கார்ந்து ஆட்டுக்குப் பை தைக்க வேண்டியிருந்தது. ஆட்டுக்குப் பை தைக்கிற மனிதனை எப்படி முரடன் என்று சொல்வேன்? சொம்பைத் திரும்ப அடுக்களையில் வைத்துவிட்டேன்.]

குட்டிகள் முட்டி முட்டிக் காம்பு புண்ணாகிறதே என்று மடிக்கு ஒரு பை தைக்கலாம் என்றாள் புவனேஸ்வரி. பழைய பருத்தி வேட்டி போதும் என்றுதான் சொன்னாள். கலியாணசுந்தரம் கேட்பாரா? தறியில் மிஞ்சிய கத்திரிப்பூ நிறப் பட்டில், ஜரிகைக் கரை வைத்துத் தைத்தார். கலெக்டர் அதைக் கட்டிக்கொண்டு தெருவில் போனபோது பெண்கள் வேலையை விட்டு வந்து பார்த்தார்கள். ஜரிகை அழகுதான். ஆனால் அது உலோகம். நடக்க நடக்க இடது காம்பை அறுத்துவிட்டது.

"நான் தச்ச பையாலதான ஆச்சி?" என்றார், ஆட்டைப் பார்க்காமல்.

"பை தச்சது தப்பில்ல. கல்யாணப் பொண்ணுக்கு தைக்கற மாதிரி தச்சீங்களே, அதாங்க தப்பு."

4

இனி சிக்கலைச் சொல்கிறேன். கலெக்டர் யாரையும் மடியில் கை வைக்க விடாது. ஒரே ஒரு நேரம்தான் விதிவிலக்கு: தறி ஓடும்போது. நெய்கிறவர் காலை இறக்கி மிதிகட்டையை மிதிக்கிற தறிக்குழிக்குப் பக்கத்திலேயே, குட்டியிலிருந்து கட்டி வளர்த்த ஆடு. தறிப்பலகை விழும் 'தடக்' சத்தத்தில் தரை அதிர்ந்தால் கண்ணைச் செருகிக்கொண்டு சிலையாக நிற்கும். தறி நின்றால் உதைதான்.

அன்றைக்கு அமாவாசை. அந்தத் தெருவில் அமாவாசைக்கு யாரும் தறியைத் தொடுவதில்லை. கலியாணசுந்தரம் காய்ச்சலில்கூட நெய்திருக்கிறார், அமாவாசையில் நெய்ததில்லை.

[நீங்கள் கேட்கப் போவது தெரிகிறது. புவனேஸ்வரியும் உங்களைப் போல் புத்திசாலிதான்.] யூடியூபில் தறி ஓடும் வீடியோவைத் தேடி, போனை ஆட்டின் காதருகே வைத்தாள். கலெக்டர் கேட்டது. தரையை முகர்ந்தது. அதிரவில்லையே! நடுவில் நகைக்கடன் விளம்பரம் வேறு வந்தது. ஒரே உதையில் போன் புழுக்கையில் போய் விழுந்தது.

உலக்கையால் இடித்துப் பார்த்தார் கலியாணசுந்தரம். தாளம் தப்பியது. கலெக்டர் திரும்பி, குறையுள்ள மனுவைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தது.

"புவனா."

"சொல்லுங்க."

"நாடாவ எடுத்து மாடத்துல வெச்சிடு."

ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோகிற நாடாவை எடுத்துவிட்டு எப்படித் தறி ஓட்டுவது என்று அவளுக்குப் புரியவில்லை.

"நாடா இல்லன்னா ஊடை இல்ல. ஊடை இல்லன்னா துணி இல்ல. துணி இல்லன்னா அது நெசவு இல்ல. சும்மா தட்டறேன். நீ கறந்துக்கோ."

சொல்லிவிட்டுச் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு குழியில் இறங்கினார்.

5

[இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். விளையாட்டு கொஞ்ச நேரம் வெளியே நிற்கட்டும்.]

தடக். தடக்.

புவனேஸ்வரி கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து மடியைத் துடைத்தாள், பிறகு உலர்ந்த துணியால் ஈரம் இல்லாமல் ஒற்றினாள். காம்பை இழுக்கவில்லை. மேலே கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் வளையமாக மூட, மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக அமுங்கின. முதல் பீச்சலைக் கறுப்புத் தட்டில் விட்டாள். கறுப்பில்தான் கெட்ட பால் தெரியும். தயிர் உடைந்ததுபோல் திப்பித் திப்பியாக விழுந்தது. ஆடு நடுங்கியது, நகரவில்லை.

"வருதா?" குழியிலிருந்து குரல்.

"வருது. நிறுத்தாதீங்க."

தடக். தடக். திப்பி குறைந்தது. கல் கொஞ்சம் மாவானது. இன்னும் பாதி உள்ளே இருந்தது.

6

வெளியிலிருந்து குரல் வந்தது: "கலியாணம்!"

எதிர்வீட்டுத் தனசேகரன். தெருவில் யார் எந்த விரதத்தை விட்டாலும் முதலில் தெரிவது அவருக்குத்தான். பெரியவர் வாசலில் நிற்கும்போது குழியில் உட்கார்ந்தபடி பேசுவது மரியாதையில்லை. கலியாணசுந்தரம் எழுந்துபோனார். தறி நின்றது.

"அமாவாசையும் அதுவுமா சத்தம் கேக்குதே, இன்னா சமாச்சாரம்?"

"நெய்யலண்ணே. சும்மா தட்டறேன்."

"ஊடை போட்டியா?"

"ஒரு இழை கூட போடல."

"துணியே வளராம இன்னாத்துக்குப்பா தட்டற?"

"கலெக்டருக்கு பால் கறக்கணும்ணே."

தனசேகரன் யோசித்தார். அவர் கெட்டவர் அல்ல, யோசிக்கிறவர். அதுதான் ஆபத்து. "கால் குழியில இருந்துச்சா இல்லியா? மிதிய மிதிச்சியா இல்லியா? அப்ப அது வேலதான? வெள்ளிக்கிழம சங்கத்துல கேட்டுடலாம்."

"வெள்ளிக்கிழம வரைக்கும் மடி தாங்காதுண்ணே!"

"அதுக்காக நாமளே தீர்ப்பு சொல்லிக்கினா முறைன்னு ஒண்ணு எதுக்குப்பா?"

உள்ளே, கலெக்டரின் பின்னங்கால் தரையை விட்டு மெல்ல எழும்பியது.

7

இங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

(அ) தனசேகரனே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழியில் இறங்குகிறார். எழுதினேன். படித்தபோது எனக்கே கண் கலங்கியது. அடித்துவிட்டேன். முறுக்கு சுடுகிறவள் தன் முறுக்கைத் தின்று தானே அழக் கூடாது.

(ஆ) இடது பக்கம் செத்துவிடுகிறது. புவனேஸ்வரி குட்டிகளைப் பிடித்து வலது காம்புக்கு… மாட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டுக் காப்பி போட்டுக் குடித்தேன்.

(இ) புவனேஸ்வரி எழுந்துபோய் இரண்டு ஆண்களையும் நறுக்கென்று நாலு கேள்வி கேட்கிறாள். நியாயம்தான். ஆனால் எழுந்தால் காம்பை விட வேண்டும். அவள் விட மாட்டாள். அவளைப் பற்றி எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

ஆக, அவள் குத்துக்காலிட்டு அங்கேயேதான் இருக்கிறாள். விரல் வளையம் மூடியிருக்கிறது. வாசலில் பேச்சு முடிகிற வழியாக இல்லை. கலெக்டரின் கால் எழும்பியது எழும்பியபடி.

என்னால் ஆகக்கூடியது ஒன்றுதான் மிச்சம். நீங்கள்.

செருப்பைக் கழற்றுங்கள் கண்ணு. குதிகாலால் தரையில் ஓங்கி ஒரு மிதி. சத்தம் பெரிதில்லை, தரை அதிர வேண்டும். தடக். மூச்சு விடுகிற இடைவெளி. தடக். உங்கள் வீட்டிலும் இன்று அமாவாசை என்றால் பாவம் என் கணக்கில் வரட்டும். மாடி வீடா? கீழ்வீட்டார் சண்டைக்கு வந்தால், கலெக்டருக்குப் பால் கறக்கிறோம் என்று சொல்லுங்கள், பயந்து போய்விடுவார்கள்.

தடக். தடக்.

கால் இறங்குகிறது பாருங்கள். புவனேஸ்வரி விரலை அமுக்குகிறாள். கறுப்புத் தட்டில் ஒரு பீச்சல் விழுகிறது. அதில் திப்பி இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை, நீங்கள் பாருங்கள்.

பார்த்துக்கொண்டே மிதியுங்கள். தனசேகரன் இன்னும் பேசி முடிக்கவில்லை.