உள்ளங்கையில் முடித்த கத்தி

மார்ச் பதினேழாம் தேதி காலை, நீதிமன்றத்தின் பின்தெருவில் இருந்த சலூனில், சவரக்கத்தி நீதிபதியின் இடது தாடையை வெட்டியது. ரத்தம், பின்னறையில் துண்டு மடித்துக்கொண்டிருந்த சலூன்காரரின் மனைவியுடைய இடது தாடையில் வழிந்தது. நீதிபதி கண்ணாடியில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல்கூட இல்லை. அந்த மாதம் சவர சோப்புக்குத் தட்டுப்பாடு இருந்ததால் தெருவில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

முதல் நாள் சலூன்காரரின் இடது கையில் வெந்நீர் கொட்டிவிட்டது. தோல்வாரில் கத்தியைத் தீட்டியபின் கடைசியாக உள்ளங்கையில் இரண்டு இழுப்பு இழுப்பது அவர் பழக்கம். அந்தத் தொழிலில் பலருக்கும் அது பழக்கம்தான். கை கொப்புளமாக இருந்ததால் அவர் தயங்க, பின்கட்டிலிருந்து அவருடைய அம்மா வழி சொன்னாள்.

"உன் பொண்டாட்டி கை சும்மாதானே இருக்கு. மெத்துனு இருக்கும், அதுல இழு."

மனைவி கையை நீட்டினாள். கத்தி அவள் கையிலிருந்து நேரே நீதிபதியின் கன்னத்துக்குப் போனது. மறுநாள் வாரோடு நிறுத்திக்கொண்டார்; நீதிபதி தன் ரத்தத்தைத் தானே சிந்தினார். அதற்கு மறுநாள் மறுபடி மனைவியின் கை. மறுபடி அவளுடைய ரத்தம். யார் உள்ளங்கையில் கத்தி முடிகிறதோ, வெட்டும் எரிச்சலும் அவருக்கே போய்ச் சேரும் என்பதில் அதன்பின் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. மாமியார் மகனைத் தனியே கூப்பிட்டு, மறந்தும் இனிமேல் சொந்தக் கையில் இழுத்துவிடாதே என்று மட்டும் சொன்னாள்.

நீதிபதிக்குக் குழந்தைத் தோல். தாடையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு தீர்ப்பு வாசித்து, கூண்டில் நிற்கிறவர்களையும் சிரிக்க வைத்தவர். அவர் தினமும் வரத் தொடங்கியதும் வக்கீல்கள் வந்தார்கள், வக்கீல்களைப் பார்த்து மற்றவர்கள் வந்தார்கள். வாசலில் 'சொட்டு ரத்தம் வராது' என்று பலகை மாட்டினார்கள். அது எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். மரியாதை தெரிந்த சிலர் போகும்போது பின்னறைப் பக்கம் பார்த்து "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு வாத்தியார் மட்டும் மனசு கேட்காமல் வருவதை நிறுத்தினார். இரண்டு வாரம் தாடியோடு திரிந்துவிட்டு அவரும் வந்து வரிசையில் உட்கார்ந்தார். எரிகிறது என்று அவள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிள்ளை பெறுவதைவிடவா இது வலிக்கிறது என்று கேட்ட மாமியார், அதுதான் உனக்குத் தெரியாதே என்றும் சேர்த்துக்கொண்டாள்.

அழுது பயனில்லை என்று தெரிந்ததும் அவள் கத்தியைக் கவனிக்க ஆரம்பித்தாள். பதம் கெட்ட கத்திதான் வெட்டும். அப்படியானால் பதம் அவள் பொறுப்பில் இருப்பது நல்லது. தீட்டும் வேலையை அவள் கேட்டபோது, ஒரு வேலை குறைந்ததே என்று கணவர் தூக்கிக் கொடுத்துவிட்டார். கத்தி தீட்டும் பசைகளில் பச்சையைக் கித்தான் துணியில் தடவி இழுத்துப் பார்த்தாள். கத்தி சுறுசுறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பற்கள் நின்றன, மத்தியானத்துக்குள் அவள் கன்னம் முள்வேலியில் உரசிய மாதிரி ஆனது. தோல்வாரில் தடவிய சிவப்புப் பசை மென்மையாக இருந்தது. முரட்டுத் தாடியில் மட்டும் தயங்கித் தயங்கி நின்று, மோவாய் வளைவில் அவளைக் கிள்ளியது. பலகையில் பழைய செய்தித்தாளைச் சுற்றி இழுத்தாள். அச்சு மையிலேயே தீட்டுகிற குணம் இருந்தது, ஆனால் அரைநாள்தான் தாங்கியது. தக்கை போல எடையில்லாத மரத்தில் வைரத்தூள் பசையைப் பூசியபோது கத்தி மயிரோடு மேல்தோலையும் சீவிக்கொண்டு போனது. ஒரு வெட்டும் இல்லாமல் பொழுது சாயும்வரை முகம் திகுதிகுவென்று எரிந்தது. கடைசியில் வரிசை பிடிபட்டது: பற்களை எழுப்பப் பச்சை, அவற்றை அழிக்க வைரம், வைரத்தின் கோபத்தை ஆற்றச் சிவப்பு, பிறகு பசையே படாத வெறுந்தோல் வார், அதன்பின் அவள் கை. எந்தப் பசையிலும் அழுத்தக் கூடாது; கத்தியின் சொந்த எடையே போதும். இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பின்னறையில் உட்கார்ந்து தன் முகத்தைத் தடவிப் பார்த்தே கற்றுக்கொண்டாள்.

வாரக்கணக்கில் ஒரு கீறலும் விழாமல் போனது. கத்தி பேர் வாங்கியது, அதனால் கூட்டம் கூடியது, கூட்டம் கூடியதால் சலூன்காரரின் கை வேகம் எடுத்தது. வெட்டினாலும் கேட்க ஆளில்லாத கை. பேசிக்கொண்டே சிரைத்தார், தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே சிரைத்தார். பிறகு ஒரு வித்தை பழகினார்: கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, தொண்டைக்குழியிலிருந்து மோவாய்வரை ஒரே இழுப்பு. காத்திருப்பவர்கள் கை தட்டுவார்கள். கைதட்டல் கேட்கும்போதெல்லாம் பின்னறையில் அவள் தன் கழுத்தைப் பிடித்துக்கொள்வாள். அவள் தீட்டிய பதம்தான் அவளைக் காப்பாற்றியது, மெல்லிய சிவப்புக் கோட்டோடு போய்விடும். கோடுகள் சேர்ந்தபிறகு கழுத்தில் துணி சுற்றிக்கொள்ள ஆரம்பித்தாள். படிகாரக்கல் எப்போதும் அவள் மடியில் இருந்தது.

ஒன்பது வருஷம் இப்படி ஓடியது. அதற்குள் அவள் உள்ளங்கை ரேகைகள் எல்லாம் அழிந்து, தோல் செருப்பின் அடிப்பாகம் மாதிரி தடித்துவிட்டது. ஒருநாள் ஒரு மரக்கடைக்காரரின் கன்னத்தில் அவருடைய சொந்த ரத்தமே ஒரு சொட்டு வந்தது. அவர் துண்டைத் தூக்கி எல்லோரிடமும் காட்டிச் சத்தம் போட்டார். மாமியார் மருமகளின் கையை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போய்த் துணிக்கடையில் துணி பார்ப்பதுபோல விரலால் நிமிண்டிப் பார்த்தாள்.

"தேஞ்சு போச்சு. மாத்தணும். உன் தங்கச்சி அங்க சும்மாதானே இருக்கா, வரச் சொல்லு."

"அவ வேணாம் அத்தை. நான் எண்ணெயில ஊற வச்சு சரி பண்ணிக்கிறேன்."

"ஊற வச்சா செருப்பு கன்னுக்குட்டி ஆயிடுமா?"

கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த சலூன்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அன்றே ஆள் அனுப்பிவிட்டார்.

தங்கை புதன்கிழமை மாலை பையோடு வந்து இறங்கினாள். அக்காவுக்கு உடம்பு முடியவில்லை, ஒத்தாசைக்கு ஆள் வேண்டும் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். மாமியார் வாசலிலேயே அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்து, புரட்டிப் பார்த்து, தடவிக் கொடுத்தாள். சாப்பிட்டாயா என்று அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

"வந்ததும் வராததுமா கையப் புடிச்சிக்கிட்டாங்கக்கா. நீ என்னமோ சொன்னியே, நல்லவங்கதான்" என்றாள் தங்கை. அக்காவின் கழுத்துத் துணியைப் பார்த்து, சளியா என்று கேட்டாள்.

பயணக் களைப்பில் வந்திருக்கிறாள், நாளைக்கு ஒருநாள் என் கையிலேயே இருக்கட்டும் என்று அக்கா சொன்னதற்கு மாமியார் மறுப்புச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை அவள் கித்தானில் பச்சைப் பசையைத் தாராளமாகத் தடவினாள். கத்தியை வைத்து, ஒன்பது வருஷமாகச் செய்யாத காரியமாக, அழுத்தி இழுத்தாள். விளிம்பில் பற்கள் எழும்பி நிற்பதைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டாள். அங்கேயே நிறுத்தினாள். வைரம் இல்லை, சிவப்பு இல்லை, வெறுந்தோல் இல்லை. தன் உள்ளங்கையில் இழுக்கவும் இல்லை. தண்ணீரில் அலசித் தட்டில் வைத்து அனுப்பினாள். மீசை முளைக்கும் முன்பே தொழில் பழகியவர் அவள் கணவர். கத்தி மயிரைப் பிடித்து இழுத்தால் சொந்த உள்ளங்கையில் போடு என்று அவர் கைக்குச் சொல்லிவைத்திருந்தது. இத்தனை வருஷம் கத்தி இழுக்காமல் அவள் பார்த்துக்கொண்டதால் அதற்கு வேலை வரவில்லை, அவ்வளவுதான். அவர் மறந்திருக்கலாம். கை மறந்திருக்காது.

நீதிபதி சாய்ந்து உட்கார்ந்தார். நுரை பூசியாயிற்று. முதல் இழுப்பிலேயே முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா, இன்னைக்கு இழுக்குது?"

"ஒண்ணுமில்லைங்க ஐயா" என்றார் சலூன்காரர். தெருவில் யாரோ வண்டியைத் திருப்ப முடியாமல் தவித்துக்கொண்டிருந்ததை வேடிக்கை பார்த்தபடியே, கத்தியை உள்ளங்கையில் அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று போட்டார். யாரும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. பின்னறையில் இரண்டு மெல்லிய சத்தம் கேட்டது. அவள் கழுத்துத் துணியை அவிழ்த்து, மடித்து, பக்கத்தில் வைத்தாள்.

கத்தி மறுபடி கன்னத்தில் இறங்கியபோது நீதிபதிக்கு ஒன்றும் தெரியவில்லை. சலூன்காரருக்குத் தன் கன்னத்தில் ஏதோ சுரண்டியது. கொசு என்று தோளில் தேய்த்துக்கொண்டார். காத்திருந்தவர்களில் ஒருவர், அந்தக் கண்ணை மூடிக்கொண்டு செய்வதை ஒருதரம் செய்யச் சொல்லிக் கேட்டார். அவர் செய்தார். நீதிபதியின் தொண்டையில் நுரை ஒரே கோட்டில் சுத்தமாக விலகியது. கைதட்டல் பாதியில் நின்றது.

கத்தி இறந்தவரின் கையிலேயே இருந்தது, அவரை யாரும் தொடவில்லை, இதில் எவர்மீதும் குற்றம் இல்லை என்று நீதிபதி அங்கேயே சொல்லிவிட்டார். எழுத்தில் பிறகு தருவதாகவும் சொன்னார். உடலைத் தூக்கிப் போனபிறகும் அவர் கிளம்பவில்லை. ஒரு கன்னத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது. பதினொரு மணிக்கு ஒரு தீர்ப்பு வாசிக்க வேண்டியிருந்தது. மிச்சத்தை முடித்துவிட வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

மனைவி வெளியே வந்து கத்தியைக் கழுவினாள். வைரப் பசை டப்பாவைப் பார்த்தாள், திறக்கவில்லை. மாமியார் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, கையக் குடுங்க."

ஒன்பது வருஷமாக ஒரு வேலையும் செய்யாத அந்தக் கை மெத்தென்று இருந்தது. அவள் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினாள். அதற்குமுன் அவள் யாருக்கும் சிரைத்ததில்லை. நீதிபதி சுத்தமான முகத்தோடு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். பின்னறையில் படிகாரக்கல் எங்கே இருக்கிறது என்று தங்கைக்குத் தெரியவில்லை. அக்கா சொன்னபிறகு எடுத்து மாமியாரிடம் கொடுத்தாள்.

சலூன் அடுத்த வாரம் திறந்தது. அதன்பிறகு அந்தக் கடையில் பச்சைப் பசை மட்டும்தான் வாங்கினார்கள். வாடிக்கைக்காரர்களுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.