கற்பெண்ணுக்கு ஒரு கூரை

பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில் ரெனால்ட் வீட்டில் இருப்பதில்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் அவரை அறிந்த எவரும் அன்று அவரைத் தேடி வருவதுமில்லை. மடிப்புக் கலையாத காற்சட்டையும் துலக்கிய சப்பாத்துமாகக் காலை ஆறு மணிக்கே ஹொறணை பஸ்ஸில் ஏறிவிடுவார். வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருக்கும் அவருடைய நண்பர் மக்கீன் பாமன்கடையில் ஏறிக்கொள்வார். வயல்கள் தொடங்கும் இடத்தில் இறங்கி, இருவரும் வாய்க்கால் கரையோரமாக மூன்று மைல் நடப்பார்கள்.

அந்த வழி நெடுக, சிற்பிகள் சிலர் தங்கள் படைப்புகளைத் திறந்த வெளியில் நிறுத்தியிருந்தார்கள். பலாமரத்தடியில் ஓர் இரும்பு எருமை நின்றது. மதகருகே உடைந்த ஓடுகளாலான கொக்கு. ரெனால்ட் அவற்றுக்குத் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். அவர் நடந்ததெல்லாம் பாதைக்கு முதுகு காட்டி அமர்ந்திருந்த கருங்கற் பெண்ணுக்காக. அவளுடைய மடி குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. மழைநீர் அதில் தேங்கும்; மைனாக்கள் வந்து குடிக்கும். கப்பற் கம்பனிக் கோப்புகளின் முன் முப்பது வருடங்களாகக் குனிந்திருப்பவருக்கு, ஒரு வேலையும் செய்யாமல் மடியில் வானத்தை வைத்துக்கொண்டிருக்கும் அவளைப் பார்த்துவிட்டால் அடுத்த போயா வரை மனம் தாங்கும்.

ஏப்ரல் போயாவன்று, வழியில் பொறுக்கிய நான்கு அரளிப் பூக்கள் அவர் கையில் இருந்தன. போனில் படமெடுக்கக் கை போதாமல், பூக்களை அவள் மடியில் வைத்தார். படமெடுத்தார். பூக்களை மறந்து போனார்.

தூவியவன் மறந்தாலும் நிலம் மறப்பதில்லை. மே மாத வெசாக் போயாவுக்குப் போனபோது மடி நிறையப் பூக்கள். ஜூனில் பொசன் போயாவுக்கு எண்ணெய் விளக்கொன்று எரிந்தது. தோளில் மஞ்சள் துணி. ஜூலையில் எசல போயாவன்று நான்கு கம்புகள், மேலே தகரம், சுற்றிலும் மூங்கில் வேலி, ‘பாதணிகளைக் கழற்றவும்’ என்று ஒரு பலகை! கம்புகளுக்கும் துணிக்கும் இடையில் ஒரு காது மாத்திரம் தெரிந்தது. மூன்று மைல் நடந்து வந்து ஒரு காதைப் பார்த்துவிட்டுத் திரும்புவதா? ரெனால்ட் பலகையைக் கையால் தட்டினார்.

"என்ன சனம் இது! ஒரு கல்லை நிம்மதியா இருக்க விடுதுகளா?"

மக்கீன் நிதானமாகத் தண்ணீர்ப் போத்தலை மூடினார். "மொதல்ல பூ வெச்சது யாரு? நானா? நான் பூ வெக்கிற ஆளா?"

"மக்கீன் நானா, அது போட்டோவுக்கு வைச்சது!"

"அத அந்தப் பூவுக்குச் செல்லிட்டா வெச்சீங்க?"

அன்று பஸ்ஸில் ரெனால்ட் மக்கீனுக்குப் பக்கத்தில் உட்காராமல் முன் வரிசைக்குப் போய்விட்டார்.

ஓகஸ்ட் போயாவன்று வேலிக்குள் ஒரு பெண் அளவு நாடாவுடன் நின்றாள். நாற்பது வயதிருக்கும். தன் பெயர் தாரிகா, சிலையைச் செதுக்கியது தான்தான் என்றாள்.

"மழை விழத்தான் அங்கிள் இதைச் செதுக்கினனான். இப்ப மடி காய்ஞ்சு, எண்ணெய்ப் பிசுக்கு. சனிக்கிழமை லொறி வருது. கிருலப்பனை வீட்டுக்குக் கொண்டு போய் கராஜில வைக்கப் போறன்."

"கராஜிலயா?" என்றார் ரெனால்ட்.

"வேற என்ன செய்ய? ஆர் தொடங்கினதெண்டாவது தெரிஞ்சா, அந்த ஆளிட்ட ரெண்டு வார்த்தை கேட்டிருப்பன்."

மக்கீன் தூரத்து இரும்பு எருமையை வெகு அக்கறையோடு பார்த்தார், ஒருமுறை இருமினார்.

எருமை மந்தையொன்றின் கதை உண்டு. முன்னால் போனது தன் நிழலைக் கண்டு மிரண்டு ஓரிடத்தில் தாண்டிற்றாம். பின்னால் வந்த நூறும் அதே இடத்தில் தாண்டினவாம். முன்னெருமை திரும்பிப் பார்த்து, ‘இந்த மந்தைக்கு மூளையே இல்லை’ என்று சலித்துக்கொண்டதாம். மூன்று மாதங்களாக ரெனால்டும் அப்படித்தான் சலித்துக்கொண்டிருந்தார். ஆனால், சனிக்கிழமைக்குப் பிறகு சலித்துக்கொள்ளவும் அங்கே ஒன்றும் இருக்காது.

"நான்தான் பிள்ளை," என்றார். "போட்டோ எடுக்கக் கை காணாம நாலு பூவை அதில வைச்சிட்டுப் போனன். பிறகு எடுக்க மறந்து போனன்."

தாரிகா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நாலு மாசமா வாய் திறக்கேல்லையே?"

"வெக்கம்."

"எனக்கு இப்ப என்ன சொல்லுறதெண்டே தெரியேல்ல, அங்கிள்."

"எனக்கு ஒண்டும் சொல்ல வேண்டாம். ஊராக்களிட்ட நானே போய்ச் சொல்லுறன்."

எதிரே தேநீர்க்கடை வைத்திருந்த சோமாவதிதான் விளக்கேற்றுபவள். அவளிடம் போய், கொட்டாஞ்சேனைத் தெருக்களில் கற்ற சிங்களத்தில் ரெனால்ட் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கோபிப்பாள் என்று நினைத்தார். அவளோ வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"ஐயோ மாத்தயா! கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதர் பூ வைத்துவிட்டுப் போகிறார், நாங்கள் சும்மா இருந்தால் ஊருக்கு மரியாதையா? நீங்கள் வைத்தீர்களே என்றுதான் நானும் வைத்தேன். நான் வைத்தேனே என்று மற்றவர்கள். பூ வாடாமல் இருக்கத்தான் என் தம்பி கூரை போட்டான்." பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "விளக்கை நான் விகாரைக்குக் கொடுக்கிறேன். கூரையைக் கழற்றுவது யார்? சொல்லிவிட்டுப் பஸ் ஏறினால் முடிந்ததா?"

"நானே கழற்றுகிறேன்."

அவள் தம்பியின் ஏணி வந்தது. ரெனால்ட் சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டி ஏறினார். துருப்பிடித்த ஆணிகள் அவருடைய பேனா பிடித்த விரல்களை இரண்டு இடங்களில் கிழித்தன. தகரங்களை ஒவ்வொன்றாகச் சோமாவதியின் கொல்லைக்குச் சுமந்தார். "நீங்க எறங்குங்க, நான் ஏறுறன்," என்று மக்கீன் இரண்டு தரம் சொல்லியும் அவர் கேட்கவில்லை. ஏணியைப் பிடிக்க மட்டும் விட்டார்.

கூரை போகிறதென்று ஊரார் கூடிவிட்டார்கள். ஏன் என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். சிலருக்கு முகம் சுருங்கியது. ஒரு முதியவர் உரக்கவே திட்டினார். ரெனால்ட் ஏணியிலிருந்து இறங்கி அவரிடமும் மன்னிப்புக் கேட்டார்.

மூங்கில் வேலியும் போன பிறகு, சாம்பலும் தேங்காய்த் தும்பும் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்க்க உட்கார்ந்தார். தாரிகா சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு போனை எடுத்து, சனிக்கிழமை லொறி தேவையில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு வாளி தண்ணீரைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

சைக்கிளில் போன ஒருவர் காலூன்றி நின்று, என்ன நடக்கிறது என்று விசாரித்தார்.

"நான் செய்த பிழை ஐயா," என்று தும்பை வாளியில் நனைத்துக்கொண்டே ரெனால்ட் பதினோராவது தடவையாக முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.