விடு மாப்ள

இறுதிப் போட்டிக்கு முந்தின நாளே நான் ஃபிளெக்ஸ் அடித்துவிட்டேன். எனக்கு அவசரம் ஜாஸ்தி. சிம்மக்கல் கேம் சென்டர் வாசலில், கூலிங் கிளாஸ் போட்ட என் முகத்துக்குக் கீழே ‘சண்டை கேம் சாம்பியன் உசிலை காசிமாயன்’ என்று கொட்டை எழுத்தில் தொங்கியது.

எதிராளி பவதாரிணி. கொட்டாம்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து பக்கத்து மொத்தக் கடையில் பில் போடுகிறவள். ஃபிளெக்ஸை நிதானமாகப் படித்துவிட்டு, எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

“தோத்தா நீங்களே ஏறிக் கழட்டணும்ணே. சரியா?”

வீறாப்பாகத் தலையாட்டிவிட்டேன்.

என்னிடம் உருப்படியான அடி ஒன்றே ஒன்றுதான், மின்னல் உதை. பட்டனை மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். விரலை எடுக்கும்போதுதான் உதை கிளம்பும். முன்கூட்டியே எடுத்துவிட்டால் நம் ஆள் போஸ்ட் கம்பத்தைக் கண்ட நாய் மாதிரி காலைத் தூக்கிக்கொண்டு நிற்பான். எனக்கோ விநாடிக் கணக்கு பிடிபடவே இல்லை. அதனால் நண்பன் முகேஷ் ஒரு வாரம் முதுகுக்குப் பின்னால் நின்று ‘விடு’ என்று சொல்லச் சொல்ல, விரலை எடுத்துப் பழகினேன். கடைசியில் அந்தச் சொல் காதில் விழுந்தாலே மூளையைக் கேட்காமல் விரல் எழும்பியது. அதில் எனக்குப் பெருமை வேறு.

ஆளுக்கு ஒரு சுற்று ஜெயித்தோம். மூன்றாவது சுற்றில் அவளுக்கு உயிர் நூலளவுதான் மிச்சம். ஒரு உதை போதும். பட்டனை அழுத்தினேன். அதற்குள் அவள் ஒரு குத்து விட, என் உயிர் பாதியானது. முகேஷ் பதறிப்போய் ஆறுதல் சொன்னான்.

“விடு மாப்ள, பாத்துக்கலாம்.”

விரல் எழும்பிவிட்டது. நம் ஆள் காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவள் அடித்து முடித்துவிட்டாள். முகேஷை நான் திட்டியதை எல்லாம் எழுத்தில் எழுத முடியாது.

சொன்ன சொல்லுக்காக ஸ்டூலில் ஏறினேன். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட் எல்லாம் அண்ணாந்து பார்த்தன. மானம் போகிறதே என்று நிஜமாகவே அழுகை வந்தது. கடைசி முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைக் கையில் பிடித்திருந்தபோது பவதாரிணி என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு மனசு இளகிவிட்டது.

“விடுங்கண்ணே, அது பாட்டுக்குத் தொங்கட்டும்.”

கை கயிற்றை விட்டது. ஃபிளெக்ஸ் சரிந்து தெருவில் விழ, என் மூஞ்சி மேலேயே ஒரு ஷேர் ஆட்டோ ஏறிப் போனது.

முகேஷ் கீழேயிருந்து சொன்னான். “இப்பத்தான் மாப்ள கரெக்டா விட்டிருக்க.”