பத்துச் சுற்று

மூன்று மணிக்குத் தொடங்கி மூன்றரைக்குள் பத்துச் சுற்று ஓட வேண்டும். பின்னால் பன்னிரண்டு பெட்டிகள். நடுவில் கை பட்டால் கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து. இதில் தேறினால் ரூபினியின் குட்டி இன்ஜின், மாதிரி ரயில் கழகத்தின் பட்டியலில் ஏறிவிடும். அந்தப் பட்டியலில் கையால் செய்த இன்ஜின் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் கடையில் வாங்கி வந்தவை. "ஏன் இந்த வம்பு, ஒண்ணு வாங்கிடுங்களேன்" என்று அவளிடம் சொல்லாத ஆளில்லை. சொல்லச் சொல்ல அவளுக்குப் பிடிவாதம்தான் ஏறியது.

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் ஷிப்டு முடிந்து வந்து, அவள் இரண்டு வருஷம் இழைத்து இழைத்துச் செய்த இன்ஜின். முழங்கை நீளம், ஏழு கிலோ. தண்டவாளத்தில் வரும் மின்சாரத்தைச் சக்கரம் வழியாக வாங்கி ஓடும்.

ஜொகூர் பாருவில் கண்காட்சி நடந்த மால் மண்டபத்தில் சனிக்கிழமைக் கூட்டம் நெரிந்தது. கழகச் செயலாளர் குகநாதன், தொழிலில் பல் டாக்டர், கைக்கடிகாரத்தைப் பார்த்து விசில் ஊதினார். ரூபினி மின்விசையைத் திருப்பினாள். ரயில் கிளம்பியது. பாதிச் சுற்றில் விக்கியது, இழுத்தது, நின்றே விட்டது.

அவள் விசையை மூடினாள். குனிந்து இன்ஜினைப் புரட்டினாள். சக்கரங்களில் மஞ்சளாய் ஏதோ பிசுக்கு. அதில் ஒரு விதை. மோந்து பார்த்தாள்.

"ஜீவா, என்ன செஞ்சீங்க?"

அவள் கணவன் ஜீவன் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவன். அவள் பெட்டிகளை எடுக்கக் கார் நிறுத்துமிடத்துக்குப் போயிருந்த பத்து நிமிஷத்தில், புது வண்டி முதல் தடவை உருளப் போகிறதே என்று, சக்கரத்துக்குச் சந்தனம் பூசி, எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியிருக்கிறான். பெரிய பழம் இந்த ரயிலுக்கு அதிகம் என்று கோலிக்குண்டு சைஸில் லீமாவ் கஸ்தூரி என்கிற குட்டி எலுமிச்சையாகப் பார்த்து வாங்கி வந்ததுதான் அவனுடைய புத்திசாலித்தனம்.

"நான் தொடச்சிட்டேன் லா" என்றான் பாவமாக. "எந்த பஸ்ஸையும் பழம் வைக்காம எடுத்ததில்ல. உன் வண்டிய மட்டும் எப்படி சும்மா விடுறது?"

"இது பஸ்ஸா? சக்கரத்துல அழுக்கு இருந்தா கரண்டே ஏறாது!"

அவனை அங்கேயே நாலு வார்த்தை கேட்டிருப்பாள். ஆனால் திட்டுவதற்கும் நேரம் போகுமே. ஸ்பிரிட் புட்டியை அவன் கையில் திணித்தாள். ஜீவன் முட்டி போட்டுத் தவழ்ந்து, ஓடிய தூரம் முழுக்கத் தண்டவாளத்தைத் துடைத்தான். அவள் எட்டுச் சக்கரங்களையும் தேய்த்தாள். நிமிர்ந்தபோது மூன்று பத்து.

"மெதுவா ஓட்டினா ஒரு சுத்துக்கு ரெண்டரை நிமிஷம்" என்றார் குகநாதன். "பத்து வராது ரூபினி. அடுத்த ஆளுக்கு விட்டுடுவோமா?"

"வேகமா ஓட்டுறேன் டாக்டர்."

"வளைவுல கவிழும்."

கவிழும்தான். அழகுக்காக, மணல் நிரப்பிய நாலு எண்ணெய்த் தொட்டிப் பெட்டிகளை அவள் ரயிலின் வாலில் கோர்த்திருந்தாள். பின்னால் அவ்வளவு பாரம் இருந்தால், நடுவிலுள்ள காலிப் பெட்டிகளை வளைவில் உள்பக்கம் இழுத்துச் சாய்த்துவிடும். தொட்டிகளைக் கழற்றி இன்ஜினை ஒட்டி மாட்டினாள். பார்க்க லட்சணமாக இல்லை. மூன்று பதினாலுக்கு விசையைத் திருப்பினாள்.

ஒன்று. இரண்டு. வாசல் பக்க வளைவில் கடைசிப் பெட்டி ஆடியது, ஆனால் தடத்தை விடவில்லை. ஐந்தாவதில் கூட்டம் சேர்ந்து எண்ணத் தொடங்கியது. எட்டு. ஒன்பது.

பத்தாவது சுற்றில் கால்வாசி பாக்கி இருந்தபோது மணி மூன்றரை, விசில் ஒலித்தது.

குகநாதன் பேனாவும் கையுமாகப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "கால் சுத்துதானே. பழம் வெச்சது உங்க தப்பும் இல்ல. பத்துன்னே போட்டுடறேன்."

ரூபினி அவர் பேனாவைப் பார்த்தாள். சரி என்று தலையாட்டினால் போதும், இரண்டு வருஷத்து உழைப்பு பட்டியலில் ஏறிவிடும். ஆசை இல்லாமல் இல்லை, உயிரே போகிற ஆசை இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கால் சுற்று அவள் கண்ணை உறுத்தும்.

"ஒம்போதுன்னு போடுங்க டாக்டர்."

"அப்படின்னா பேர் ஏறாதே."

"தெரியும்."

அவர் எழுதினார். எழுதிவிட்டு நிமிர்ந்தால் ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் விசையை மூடவே இல்லை.

"நேரம் முடிஞ்சிடுச்சும்மா."

"உங்க நேரம் முடிஞ்சிடுச்சு" என்றாள் ரூபினி, வளைவிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடுத்த வருஷத்துக்கு என் பேர இப்பவே எழுதிக்குங்க. இந்தப் பத்த நான் முடிச்சிட்டு வரேன்."