சுண்டாமல் விட்ட பந்து

நாளைக்கு நெட்டையன் பந்து வீசப்போகிறான் என்று நினைக்கும்போதெல்லாம் கவணுக்குச் சோறு இறங்கவில்லை. எதிரணியின் அந்த வேகப்பந்துக்காரன் போன வாரம்தான் ஓர் இளம் ஆட்டக்காரனின் தாடையைப் பெயர்த்திருந்தான். தொலைக்காட்சியில் அதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் கவண் அடிபட்டவன் முகத்தை எடுத்துவிட்டு, அங்கே தன் அணியே அண்ணன் என்றழைக்கும் மூத்த மட்டைக்காரரின் முகத்தை வைத்துப் பார்த்துவிடுவான்.

"சோத்தைப் பெசஞ்சுகிட்டே இருக்கீங்க. நெட்டையன் பந்தை நீங்களா ஆடப்போறீங்க?" என்றாள் மனைவி.

"நான் ஆடினாக்கூட இவ்ளோ பயம் இருக்காது."

"அது சரி. எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இதுல கால்வாசிகூட உங்க முகம் வாடலை."

அவள் சிரித்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை.

கவண் என்பது அணிக்காரர்கள் சூட்டிய பெயர். வலைப்பயிற்சியில் மட்டைக்காரர்களுக்குப் பந்து எறிவது அவன் வேலை. நுனியில் பந்து உட்காரக் குழி வைத்த நீளமான பிளாஸ்டிக் கோல் ஒன்று உண்டு. கரண்டி என்பார்கள். அதைக் கொண்டு எறிந்தால் பந்து எந்த வேகப்பந்துக்காரனுக்கும் சளைக்காமல் பறக்கும். அவன் இந்த வேலைக்கு வந்ததே அண்ணனைப் பக்கத்தில் நின்று பார்க்கத்தான்.

அண்ணன் என்றாலே ஹூக் ஷாட்தான். முகத்துக்கு நேரே வரும் பந்தை மற்றவர்கள் குனிந்து கும்பிடு போட்டு அனுப்பிவைப்பார்கள். அண்ணன் பின்னங்காலில் ஒரு சுழற்சி சுழன்று, ஈயை ஓட்டுவதுபோல எல்லைக் கோட்டுக்கு ஓட்டிவிடுவார். அடித்தபின் திரும்பியும் பார்க்க மாட்டார். பந்து எங்கே போனது என்று பார்ப்பது நம் பாடு, அவர் கையுறையை இறுக்கிக்கொண்டிருப்பார். சின்ன வயதில் அந்த ஷாட்டை விறகுக்கட்டையால் ஆடிப் பார்த்துத்தான் கவண் முன்பல்லை இழந்தான். இன்றுவரை அந்தப் பல்லைக் கட்டவில்லை. கேட்டால், "அது அண்ணன் கணக்கு" என்பான்.

வினை ஆரம்பித்தது அண்ணன் விரல் காயம் ஆறித் திரும்பி வந்தபோது. முதல் நாள் பயிற்சியிலேயே அவர் மட்டை ஒரு நொடி பிந்தியது, பந்து தோளை உரசிக்கொண்டு போனது. கவணுக்கு மனசு கேட்கவில்லை. கை எப்போதும்போலச் சுற்றியது. கடைசியில் மணிக்கட்டை மட்டும் சுண்டாமல் விட்டான். பார்க்கிற யாருக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் வேகம் பாதியாகிவிடும். அண்ணன் அடித்தார்.

"பந்தைப் பாக்கற கண்ணு திரும்பி வந்துடுச்சுடா" என்றார், குழந்தை மாதிரி.

அதற்கப்புறம் எப்படிச் சுண்டுவது? ஓய்வு பெறுவதாக இருந்தவர் இன்னும் ஒரு தொடர் ஆடுகிறேன் என்று அறிவித்துவிட்டார். நல்லது செய்யப்போய், தானே அவரைக் கையைப் பிடித்து நெட்டையன் முன்னால் நிறுத்திவிட்டோம் என்று கவண் மருகினான்.

அன்று பிற்பகல், ஆட்டத்துக்கு முந்தைய கடைசிப் பயிற்சி. "முகத்துக்கே போடு" என்றார் பயிற்சியாளர். கவண் போட்டான். அண்ணன் சுழன்று சுழன்று அடித்தார். வலைக்கு வெளியே இளம் ஆட்டக்காரர்கள் கைதட்டினார்கள். ஒவ்வொரு தட்டலும் கவணின் கன்னத்தில் விழுந்தது.

"நாளைக்கு நெட்டையனுக்கும் இதே மருந்துதான்" என்று அண்ணன் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைக் கண்டதும் நாளைக்கு இதே முகத்தில் நெட்டையன் பந்து விழும் என்று கவணுக்குத் தோன்றியது. அடுத்த பந்தில் மணிக்கட்டைச் சுண்டினான்.

அண்ணன் சுழலத் தொடங்குவதற்குள் பந்து தலைக்கவசக் கம்பியில் மோதியது. அவர் மண்டியிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் நின்றுபோயிற்று.

"உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்திக்கொண்டே பயிற்சியாளர் ஓடினார். அண்ணன் அவரைக் கையசைத்துத் தடுத்தார். கவசத்தைக் கழற்றி முகத்தைத் தடவிப் பார்த்தார். ரத்தம் இல்லை. எழுந்து நேரே கவணிடம் நடந்து வந்தார்.

"இந்த வேகத்தை இத்தனை நாளா எங்கடா வச்சிருந்த?"

கவண் கரண்டியின் குழியைத் துடைத்தான்.

"கொறைச்சுத்தான் போட்டியா?"

தலையாட்டினான். "உங்களுக்கு அடிபட்டுடக் கூடாதுன்னுண்ணே."

"அப்போ நெட்டையன் வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டு வந்துடு. பாத்துப் போடுப்பா, எங்க அண்ணனுக்கு வலிக்கும்னு."

அண்ணன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். அவர் திரும்பிப் போய்க் கவசத்தை மாட்டிக்கொண்டார். "போடு. இனி ஒரு பந்து கொறைஞ்சாலும் அந்தக் கரண்டியாலேயே உன்னை வெளுப்பேன்."

கவண் எறிந்தான். மட்டை பிந்தியது, பந்து கையுறையில் பட்டுத் தெறித்தது. அடுத்ததில் தோள். அதற்கடுத்ததில் அண்ணன் சுழல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, கைகளைக் கீழே இறக்கி, தலையை மட்டும் விலக்கினார். பந்து காதோரம் சீறிப் போய் வலையில் சிக்கியது. மறுபடியும் அதையே செய்தார். இம்முறை சுழலவே இல்லை.

"சரி. நாளைக்கு அந்த ஷாட் கெடையாது" என்றார், இன்றைக்குக் குடை வேண்டாம் என்பதுபோல.

கவண் அடுத்த பந்தை எடுத்தான். "அண்ணே, ஒண்ணே ஒண்ணு மெதுவாப் போடறேன். எனக்காக அடிச்சுடுங்க."

அண்ணன் மட்டையால் தரையைத் தட்டித் தயாராக நின்றார்.

"வேகமாப் போடுடா. நான் இன்னும் சரியா விலகலை."

கவண் கரண்டியில் பந்தை வைத்தான். உலகத்திலேயே தான் அதிகம் நேசித்த அந்தத் தலையைக் குறிபார்த்து ஓடி வந்தான்.