முதல் பிடி மண்

அப்பாவின் அடக்கத்தன்று மழை பெய்ததா என்பதில் பெர்னடெற்றுக்கு இப்போதும் நிச்சயமில்லை. குடைகள் நினைவில் இருக்கின்றன. ஆனால் அவை அதற்கு முன் நடந்த அம்மாவின் அடக்கத்தில் விரிந்த குடைகளாகவும் இருக்கலாம். இருவரும் லண்டனின் சட்டனில் ஒரே கல்லறைத் தோட்டத்தில், பக்கத்துப் பக்கத்துக் குழிகளில்தான் அடக்கமானார்கள். பெரியண்ணை அருள்நேசனின் மூடிய கையை மட்டும் அவள் பிழையாக நினைவு வைத்திருக்க முடியாது.

அப்பா கிறிஸ்துராஜா இறந்து, அடக்கத்துக்கு நாள் கிடைக்காமல் காத்திருந்த வாரம் அது. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் அவள் வேலைக்குப் போனாள். குரோய்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறவள். அந்த வாரப் பாடம் டியூடர் காலத்து அயர்லாந்து. கொன் ஓ நீல் என்ற அல்ஸ்டர் தலைவன் கிரீனிச்சுக்கு வந்து, எட்டாம் ஹென்றியிடம் தன் நிலத்தை ஒப்படைத்து, அதையே டைரோன் பிரபு என்ற பட்டத்தோடு திரும்ப வாங்கிக்கொண்டான். தனக்குப் பின் மத்தேயு என்று வாரிசையும் சொன்னான். மத்தேயு ஒரு கொல்லனின் மகனாக வளர்ந்தவன். வாலிபனான பிறகு அவனுடைய தாய் அவனைக் கொன்னின் பிள்ளை என்றாள், கொன் ஏற்றுக்கொண்டான். அந்த நாட்டு வழக்கத்தில் அதுவே போதும். ஆனால் திருமணத்தில் பிறந்த மகன் ஷேனுக்கு அது போதவில்லை. அவனுடைய ஆட்கள் மத்தேயுவைக் கொன்றார்கள். பிறகு ஷேன் லண்டனுக்கு வந்து எலிசபெத் அரசியின் சபையில் இரண்டு வழக்கும் பேசினான். "எங்கள் வழக்கப்படி குலத்தார் தெரிந்தெடுத்த தலைவன் நான். உங்கள் சட்டப்படி மத்தேயு முறைகேடாய்ப் பிறந்தவன், ஆகவே சட்டபூர்வமான மூத்தவனும் நான்."

பாடப்புத்தகம் இதற்கு 'அயர்லாந்தின் குழப்பமான வாரிசுமுறை' என்று தலைப்புப் போட்டிருந்தது. எத்தனையோ வருடம் அந்தத் தலைப்பை வாசித்துக் கடந்தவளுக்கு அன்று உடம்பெல்லாம் எரிந்தது. முறையில் என்ன குழப்பம்? தாய் சொன்னாள், தகப்பன் ஓம் என்றான். ஒரே வாயில் இரண்டு சட்டத்தை வைத்துக்கொண்டு, வசதிப்பட்டதைத் துப்பியவனைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு கடுமையான சொல் இல்லை. பின் வரிசை வாங்கிலிருந்து ஜதுர்ஷிகா கையை உயர்த்தினாள். "மிஸ், அந்த மத்தேயுவிடம் உனக்கு என்ன வேணும் என்று யாராவது கேட்டார்களா?" என்றாள் ஆங்கிலத்தில். பெர்னடெற் புத்தகத்தை மூடி வைத்தாள். வகுப்பு அதை அவளுடைய துக்கம் என்று எடுத்துக்கொண்டது. அது துக்கம் அல்ல.

பள்ளி முடிந்ததும் அவள் டிராம் நிறுத்தத்தில் போய் அருள்நேசனுக்காகக் காத்திருந்தாள். அவர் டிராம் ஓட்டுநர். அப்பாவுக்குக் கல்யாணமாவதற்கு முன் மன்னாரில் பிறந்தவர். படகு இயந்திரம் திருத்துகிற ஒருவரின் மகனாக வளர்ந்தவர். அந்த மனிதர் இறந்த பிறகுதான், இவன் கிறிஸ்துராஜாவின் பிள்ளை என்று தாய் சொன்னார். லண்டனுக்கு வந்து சேர்ந்தவரைப் பார்த்து அப்பா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் எழுபதாவது பிறந்தநாளில், கோயில் பங்கு மண்டபம் நிறைந்திருக்க, மைக்கை வாங்கி, "இவன் என்ர மூத்த மகன்" என்றார். அம்மாதான் எழுந்து போய் அருள்நேசனின் வாயில் கேக் துண்டை வைத்தாள்.

"பெரியண்ணை, உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் கையுறையைக் கழற்றினார். "வீடு வளவு ஒண்டும் வேண்டாம், தங்கச்சி. முதல் பிடி மண் நான் போடோணும். மூத்தவன் எண்டு அவர்தானே சொன்னவர்."

அப்பாவின் வீட்டுக் குசினியில் சித்திமார் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுடைய மற்ற அண்ணன் றெஜினோல்ட் மேசையில் ஃபோனோடு இருந்தான்.

"மூத்தவர் ஆரெண்டு ஃபியூனரல்காரருக்குச் சொல்லிட்டீங்களோ, அண்ணை?"

"சொன்னனான். நான்தான்."

"அப்ப பெரியண்ணை?"

"வரட்டும். வேண்டாமெண்டு ஆர் சொன்னது? பின்னால நிக்கட்டும். அப்பா கோயில்ல தாலி கட்டினது அம்மாவுக்கு. அதில மூத்தவன் நான். திருச்சபைக்கும் அதுதான், இந்த நாட்டுச் சட்டத்துக்கும் அதுதான்."

"இந்த நாட்டுச் சட்டம் அந்தப் பாகுபாட்டைக் கைவிட்டுக் கனகாலம்."

"அம்மான்ர மரியாதை எண்டு ஒண்டு இருக்கு."

"அம்மா அவருக்குக் கேக் தீத்தினவா. நீங்கதான் படம் எடுத்தனீங்கள்."

அவன் ஃபோனைத் திருப்பி வைத்தான். போன வருடம் மன்னாரில் அப்பாவின் தென்னங்காணிக்குள் யாரோ வேலி போட்டபோது, மூத்த மகன் வந்து நின்றால்தான் ஊர் கேட்கும் என்று டிக்கெட் எடுத்து அருள்நேசனை அனுப்பியவன் இவன்தான். அங்குள்ள ஃபாதருக்கு, 'எங்கட மூத்த அண்ணை வாறார்' என்று தன் வாயாலேயே சொன்னவன். அவர் வெயிலில் நின்று வேலியைப் பிடுங்கிவிட்டு வந்தார்.

"காணிக்கு அனுப்பேக்க எந்தச் சட்டம், அண்ணை?"

"அது ஊர். ஊருக்கு ஒரு முறை, இஞ்ச ஒரு முறை."

"உங்களை அரசியிட்ட அனுப்பியிருக்கோணும்."

"எந்த அரசி?" என்றான். பிறகு, "உன்ர பள்ளிக்கூடக் கதையை இஞ்ச கொண்டராத. ரோல்ஸ் ஆறுது, சாப்பிடு."

ஒரு சித்தி சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பெர்னடெற் சாப்பிடவில்லை.

கல்லறையில் ஃபாதர் செபம் முடித்ததும், கறுப்புக் கையுறை போட்ட ஊழியர் உலர்ந்த மண் நிரப்பிய சிறிய மரப்பெட்டியை றெஜினோல்டிடம் நீட்டினார். பெர்னடெற் இரண்டு அடி முன்னால் வந்தாள். அதற்குள் அவன் அள்ளிப் போட்டுவிட்டான். சவப்பெட்டி மூடியில் மண் விழுந்த சத்தம் அவளுக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. ஊழியரின் கையிலிருந்து மண்பெட்டியைப் பிடுங்கினாள். சனம் விலகி வழிவிட்டது. கடைசி வரிசையில் நின்ற அருள்நேசனிடம் கொண்டுபோய் நீட்டினாள். அவர் ஒரு பிடி அள்ளினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நகரவில்லை.

"வாங்கோ பெரியண்ணை."

"அவன் போட்டிட்டான். இனி நான் போட்டா ரெண்டாவது." குரல் உயரவில்லை. "ரெண்டாவதுக்கு எனக்கு ஏலாது, தங்கச்சி. அப்பாவைப் பொய்யனாக்கிப்போடும்."

மண்ணை விடாமல், மூடிய கையோடு அவர் வாசலை நோக்கி நடந்தார்.

பிறகு என்ன நடந்தது என்று ஒவ்வொரு வருடமும் மாணவர்கள் கேட்பார்கள். பெர்னடெற் சொல்வாள்: ஷேன், தஞ்சம் கேட்டுப் போன இடத்தில் வெட்டுப்பட்டுச் செத்தான், டைரோன் பட்டம் கடைசியில் மத்தேயுவின் மகனிடம் போனது. பாடப்புத்தகத் தலைப்பை அவள் கறுப்புப் பேனையால் அடித்துவிட்டாள். சட்டன் வீட்டில் றெஜினோல்ட் இருக்கிறான். மன்னார்க் காணியில் திரும்பவும் யாரோ வேலி போட்டுவிட்டார்கள். அருள்நேசனுக்கு அவன் ஃபோன் அடித்தான், அவர் எடுக்கவில்லை. அவர் இன்னும் டிராம் ஓட்டுகிறார். அடக்கத்துக்குப் போட்ட அந்தக் கறுப்புக் கோட்டைத்தான் குளிர்காலம் முழுக்கப் போடுகிறார். சலவைக்குக் கொடுப்பதில்லை. வலப்பக்கப் பை சற்றுக் கீழே தொங்கும்.