பெரியவளுக்கும் முழங்காலுக்கும் நடுவே

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் உண்டு. சாப்பாடு மேசையில் மூடியிருக்கும். நான்கு பேரும் தரையில் முழங்கால் போடுவார்கள். அவர் ஜெபத்துக்கு மாறாத வரிசை ஒன்று இருந்தது. சபை, போதகர், தெரிந்த நோயாளிகள், அண்ணன் குடும்பம், பிறகு பெரியவள், சின்னவன், கடைசியாக மனைவியின் வலது முழங்கால். அது தேய்ந்துபோய் வெகுநாளாகிறது. முழங்கால் வந்துவிட்டால் அடுத்தது ஆமென்.

"அப்பா ஜெபம் டவுன் பஸ் மாதிரி. எல்லா ஸ்டாப்பிலயும் நின்னு நின்னுதான் போகும்" என்பான் சின்னவன். "அக்கா, நான் தூங்கறேன். நம்ம ஸ்டாப் வந்தா எழுப்பி விடு."

அவன் முறை வந்ததும் அவள் முழங்கையால் விலாவில் ஓர் இடி இடிப்பாள். அவன் பதறியடித்து ஆமென் சொல்லிவிடுவான், ஒரு ஸ்டாப் முன்னாலேயே. மெக்கானிக் ஒரு கண்ணைத் திறந்து முறைப்பார். மனைவிக்குச் சிரிப்பை அடக்குவதில் தோள் குலுங்கும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் அவன் வேலை முடிந்து வர நேரமாயிற்று. அன்று மூன்று பேர்தான் முழங்கால் போட்டார்கள். "சின்னவனைப் பத்திரமாய் வீடு கொண்டுவந்து சேர்த்தருளும், ஆண்டவரே" என்று மெக்கானிக் கேட்டார். சாப்பிட உட்காரும்போது போன் வந்தது. அவர் ஆண்டவரிடம் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்திலேயே, மேம்பாலத்தின் இறக்கத்தில், ஒரு லாரியின் பின்சக்கரத்தருகே பையன் முடிந்துபோயிருந்தான்.

அடக்கம் முடிந்து வீட்டில் நடந்த முதல் ஜெபத்தில் அவர் பெரியவளிலிருந்து நேரே முழங்காலுக்குப் போனார். நடுவில் ஒரு மூச்சு இழுக்கும் இடைவெளி. அதன்பின் தினமும் அப்படித்தான். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது அவர்கள் சபையில் இல்லை. அவரும் அதைச் சட்டத்துக்குப் பயந்து கடைப்பிடிக்கவில்லை. ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தவனுக்கு நாம் என்ன கேட்பது என்று மனதார நம்பியவர். இப்போது அந்த நம்பிக்கை அவர் பையனையே வரிசையிலிருந்து எடுத்துவிட்டது.

இன்று காலை அவருக்குச் சாப்பாட்டு டப்பாவைக் கட்டியபடியே மனைவி சொன்னாள்: "இன்னிக்கு ஜெபத்துல அவனைச் சொல்லணும். சொல்லலைன்னா இனிமே நான் ஜெபத்துக்கு வரமாட்டேன். நீங்களும் உங்க பொண்ணும் பண்ணிக்கங்க."

"போதகர்கிட்ட கேட்டாச்சேம்மா. அவனைக் கொடுத்ததுக்காக நன்றி வேணா சொல்லலாம்னாரு."

"சொல்லுங்களேன், பார்ப்போம்."

அவர் வாயைத் திறந்தார். நன்றி என்ற சொல் வெளியே வரவில்லை.

"வராதில்ல? எனக்கும் வரலை."

"அதுக்காக, இல்லாதவனைக் காப்பாத்துங்கன்னு கேக்கச் சொல்றியா?"

"அன்னிக்குக் கேட்டீங்களே!" டப்பா மூடி அவள் கையிலிருந்து நழுவி உருண்டது. "அவன் ரோட்ல செத்துக் கிடந்தப்போதானே பத்திரமா கொண்டுவாங்கன்னு கேட்டீங்க? அது மட்டும் தப்பில்லையா?"

பெரியவள் குளியலறைக்குள் குழாயைத் திறந்து விட்டாள், கேட்காததுபோல. மெக்கானிக் மூடியைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார்.

மத்தியானம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து அழைப்பு. மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவே லிஃப்ட் நின்றுபோய், உள்ளே ஒரு அம்மாள் மாட்டிக்கொண்டிருந்தார்.

"கத்திக் கத்தி ஓஞ்சே போயிட்டாங்க சார்" என்றான் வாசல் காவலாளி. "நான் கதவுகிட்ட போய்ப் பேச்சுக் கொடுத்தேன். போய்யா, போய் ஆளைக் கூட்டிட்டு வாய்யான்னு துரத்திட்டாங்க."

இந்தத் தொழிலில் முதல் வேலை, மாட்டிக்கொண்டவரிடம் பேசுவது. நான் வந்துவிட்டேன், மேலே போகிறேன், பெட்டியைக் கையால் நகர்த்துவேன், கொஞ்சம் ஆடும், பயப்படாதீர்கள் என்று கதவருகே நின்று சொல்லிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கு அவரே அதைத் தலையில் அடித்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இன்று காவலாளியைத் தாண்டி நேரே மொட்டைமாடிக்குப் போனார். மெஷின் அறையில் மின்சாரத்தை அணைத்தார். ஒரு கையால் பிரேக்கைத் தளர்த்தி, மறுகையால் பெரிய சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினார். கம்பிக்கயிறு முனகியது. தரையில் கயிறு இறங்கும் துளை வழியாக, கீழே வெகு ஆழத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"யாரு? மேல யாரு? யாராவது இருக்கீங்களா?"

அவர் காதில் விழுந்தது. விழுந்தும் வாய் திறக்கத் தோன்றவில்லை. பெட்டி மாடி மட்டத்துக்கு வந்ததைக் காட்டும் மஞ்சள் குறி கயிற்றில் தெரியும்வரை சுற்றிவிட்டு, இறங்கிப் போய்க் கதவைத் திறந்தார்.

அந்த அம்மாள் வியர்வையில் நனைந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நன்றி சொல்வார் என்று காவலாளி எதிர்பார்த்திருக்க வேண்டும், சிரித்தபடி நின்றான்.

"நீங்கதான் மேல இருந்ததா?"

"ஆமாம்மா."

"நான் கூப்பிட்டது கேக்கலையா?"

அவரால் பொய் சொல்ல முடியவில்லை. "கேட்டுச்சு."

"கேட்டுச்சா! இருட்டுல பெட்டி அசையுது, அறுந்துதான் விழுதுன்னு நினைச்சேன். என் உசுரை மொத்தமா கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க, இருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்கற முத்தா உதிர்ந்திடும்? என்ன மனுஷன்யா நீங்க?"

"தப்புதாம்மா. மன்னிச்சுக்கங்க."

அந்த அம்மாள் மன்னிக்கவில்லை. படிக்கட்டு வழியாகவே மேலே ஏறிப் போனார். காவலாளி குரலைத் தாழ்த்தி, "விடுங்க சார், பெரிய மனுஷிக்குப் படபடப்பு" என்றான். மெக்கானிக் பழுதான கதவுப் பூட்டைக் கழற்றிச் சரிசெய்து மாட்டினார்.

இரவில் சாப்பாடு மேசையில் மூடியிருந்தது. மனைவி அறைக்கதவின் நிலையில் சாய்ந்து நின்றாள். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை. மெக்கானிக்கும் பெரியவளும் முழங்கால் போட்டார்கள். பெரியவள் பழக்கம் விடாமல் வலப்பக்கம் ஓர் ஆள் இடம் விட்டிருந்தாள். அவர் தொடங்கினார். சபை, போதகர், நோயாளிகள், அண்ணன் வீடு. "பெரியவளை அவள் வேலையில் ஆசீர்வதியும்."

மூச்சு இழுக்கும் இடம் வந்தது. மனைவியின் வளையல் சத்தம் கேட்டு அவர் கண்ணைத் திறந்தார். அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல முழங்கால் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சின்னவன்" என்றார்.

கண் மூடியிருந்த பெரியவளின் முழங்கை வலப்பக்கம் ஓர் இடி இடித்தது. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் காற்றில் போன கை, நிலைதடுமாறித் தரையில் ஊன்றிக்கொண்டது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குப்பின் அவருக்குக் காலமெல்லாம் பழகிய ஜெபமொழி வரவில்லை. வீட்டுப் பேச்சுதான் வந்தது.

"சின்னவன் வரலை, ஆண்டவரே. கேட்டேன், வரலை. நான் கேட்டது உங்களுக்குக் கேட்டுச்சு, அது எனக்குத் தெரியும். எங்க உசுரெல்லாம் உங்க கையிலதான் இருக்கு, அதுவும் தெரியும். ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க. இன்னும் சொல்லலை. கீழ இருட்டா இருக்கு. நாங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்கோம். இருக்கீங்களா?"

நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். உண்மையாகவே காத்திருந்தார், கதவுக்கு அப்பால் காலடி கேட்கிறதா என்று கவனிப்பவரைப் போல. ஃபிரிட்ஜ் ஓடி நின்றது. பக்கத்து வீட்டில் யாரோ தண்ணீர் பிடித்தார்கள். வேறெதுவும் வரவில்லை.

அடுத்தது முழங்கால். அதைச் சொன்னால் ஆமென் வந்துவிடும், எழுந்து சாப்பிட வேண்டியிருக்கும். அவர் சொல்லவில்லை. மனைவியும் வலிக்கிற காலோடு எழுந்திருக்கவில்லை. மேசையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருக்க, மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள்.